அப்பாவின் சந்தா

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், மைசூரில் எங்கள் தமிழ்ச் சபைக்குப் பல வருடங்கள் சந்தாச் செயலராக இருந்தார். வெளியே இருப்பவர்களுக்கு இது ஒரு பதவியாகவே தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். போதகர்கள் வருவார்கள், போவார்கள். சந்தாச் செயலர் போகமாட்டார்.

வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பன்னிரண்டு பழுப்புக் கவர்கள் கொடுக்கப்படும். கவரின் மேல் குடும்பத் தலைவர் பெயர், மாதம், தொகை என்று எழுத இடம் விட்டு அச்சடித்திருக்கும். கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வார்த்தை, அதன் பக்கத்தில் ஒரு கோடு. பணத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டு, காலிக் கவரையே ரசீதாகத் திருப்பிக் கொடுப்பார் மாமா. எல்லோரும் அதைப் பைபிளுக்குள் செருகி வைத்துக்கொள்வார்கள். பலருடைய பைபிள் பருத்திருந்ததற்கு இதுதான் காரணம், பக்தி அல்ல.

மூன்று மாதம் சந்தா பாக்கி விழுந்தால் பெயர் போய்விடும். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் மாமா ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போடுவார். பெயர் போனவர்கள் வீட்டுக் கல்யாணத்தைச் சபையில் ஓலை வாசித்து அறிவிக்கமாட்டார்கள், செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்காது என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். நிஜத்தில் எந்தப் பிணத்தையும் வாசலில் நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை. கடைசி நேரத்தில் யாராவது பாக்கியைக் கட்டிவிடுவார்கள், மாமாவும் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒன்பது வயதில் சிவப்புக் கோடு என்றால் சிவப்புக் கோடுதான்.

எங்கள் குடும்பத்துக் கவரில் அப்பாவின் பெயர் இருந்தது. அம்மாவும் அப்பாவும் பிரிந்த பிறகு அப்பா எங்கள் சபைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். அம்மாவுக்குத் தனிக் கவர் வந்தது. அப்பாவின் பெயர் மட்டும் பட்டியலில் மூன்று மாதம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாமா ஸ்கேலை எடுத்துக்கொண்டு பலகைக்கு வந்தார். பேனா மூடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என் கையில் கொடுத்தார். நானும் பெருமையாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோடு விழுந்தது அப்பாவின் பெயர் மேல்.

"இனிமே அப்பா இல்லையா மாமா?" என்று கேட்டேன்.

"லிஸ்ட்ல இல்லம்மா" என்றார் மாமா. பேனா மூடியை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அதே மாதத்தில்தான் கோர்ட்டிலிருந்து தீர்ப்பு வந்தது. தீர்ப்பை யாரும் எனக்கு விளக்கவில்லை. வீட்டில் பேசியதைப் பொறுக்கித் தெரிந்துகொண்டதுதான். அப்பா மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் என் பொருட்டு ஆறாயிரம் ரூபாய் அம்மாவின் வங்கிக் கணக்கில் போடவேண்டும். இரண்டாம் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மாலை வரை அவர் என்னை அழைத்துப் போகலாம். பெரியவர்கள் இதை ஆர்டர் என்றார்கள், மெயின்டனன்ஸ் என்றார்கள், மாமா மட்டும் ஜீவனாம்சம் என்று வாய் நிறையச் சொல்வார். நான் அதற்கு ஏற்கெனவே எனக்குத் தெரிந்த பெயரை வைத்துக்கொண்டேன். அது அப்பாவின் சந்தா. சபைக்குக் கட்டினால் சபையில் பெயர் இருக்கும். எங்களுக்குக் கட்டினால் எங்களிடம் பெயர் இருக்கும். இதில் விளங்காதது என்ன இருக்கிறது?

அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குப் பகல் டியூட்டி இருக்கும் நாட்களில் நான் பள்ளிவிட்டு வந்து, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சாவியால் கதவைத் திறந்துகொண்டு, அவள் வரும்வரை தனியாக இருப்பேன். இரண்டே அறைகள். இரண்டு அறைக்கு அவ்வளவு அமைதி தேவையில்லை. கணக்கைக்கூடச் சத்தம் போட்டுத்தான் செய்வேன், வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்று. கீழ் வீட்டு ஓனர் ஆன்ட்டி மாடிப்படியில் நின்று "ஊட்டா ஆய்தா புட்டி?" என்பார். சாப்பிட்டாயிற்று என்று நான் பதில் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்க அவருக்கும் ஒன்றும் இல்லை, சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை. சில நாள் சாப்பிட்டுவிட்டும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். பேச்சு கொஞ்சம் நீண்டது.

ஐந்தாம் தேதிகளில் அம்மா தன் போனைச் சமையல் மேடையில், சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருப்பாள். முதல் சில மாதங்கள் பணம் வந்த செய்தியோடு அது ஒழுங்காகக் கூவியது. அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்ப்பாள், அடுத்த நாள் மீன் வாங்குவாள். பிறகு ஓர் ஐந்தாம் தேதி போன் கூவவில்லை. அடுத்ததிலும் இல்லை.

அப்பா மட்டும் இரண்டாம் ஞாயிறுகளில் தவறாமல் வந்தார். சபையின் கேட்டுக்கு வெளியே, புங்க மரத்தடியில், மொபெட்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். உள்ளே வரமாட்டார். அவர் மண்டி மொஹல்லாவில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். ஞாயிறு கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு இருவரும் குனிந்து உள்ளே போவோம். உள்ளே வார்னிஷ் வாசனையும் செம்புக் கம்பிச் சுருள்களும். பக்கத்து பேக்கரியிலிருந்து தில்பசந்த் வாங்கி, தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் நிறைய இருக்கும் துண்டாகப் பார்த்து எனக்குக் கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். நான் பேசுவேன். ஒரு மாதம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு அல்லவா, வாய் ஓயாது. அவர் பழைய மோட்டாரிலிருந்து கம்பியை உருவிக்கொண்டே "அப்புறம்?" என்பார். அந்த "அப்புறம்?" என்ற சொல்லுக்காகத்தான் மற்ற நாட்களை நான் தள்ளிக்கொண்டிருந்தேன். இதை அன்று யாராவது கேட்டிருந்தால் தில்பசந்துக்காக என்று சொல்லியிருப்பேன்.

மூன்றாவது ஐந்தாம் தேதியும் போனது. அன்று சாயங்காலம் மாமா வந்தார். நான் உள்ளறையில் ஹோம்வொர்க் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, வழக்கம்போல் நோட்டில் இல்லாததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மூணு மாசம் ஆச்சு. இதுக்கு மேல விடக்கூடாது" என்றார் மாமா. "சனிக்கிழம வக்கீல் ஆபீசுக்குப் போறோம். அவன் கதைய முடிச்சிரலாம். காசு குடுக்காதவனுக்கு எதுக்கு நீ பிள்ளைய வேற அனுப்பிக்கிட்டு இருக்க?"

"அது வேற, இது வேற அண்ணா" என்றாள் அம்மா.

அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் மூன்று மாதம் என்று சொன்னவர் மாமா. எந்த மாமா? ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் வைத்திருக்கும் அதே மாமா. சனிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. அப்பாவின் பெயர் ஒரு பட்டியலிலிருந்து போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்தப் பட்டியல் ஒன்றுதான். இதிலும் போய்விட்டால், பிறகு அவரை நான் என்னவென்று கூப்பிடுவது? பள்ளி டைரியில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் மிஸ் கோடு போடச் சொல்வாரா? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், நர்ஸ் அல்லவா, ஜுரம் இல்லை என்று விட்டுவிட்டாள்.

என்னிடம் ஒரு பவுடர் டப்பா இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அத்தைமார் கொடுத்தது, பிறந்தநாளுக்கு மாமா கொடுத்தது, ஞாயிறு பள்ளி வசனப் போட்டியில் ஜெயித்தது எல்லாம் அதற்குள் இருந்தது. தலைகீழாகக் கவிழ்த்தேன். முந்நூற்று நாற்பது ரூபாய். சந்தாவுக்கு எவ்வளவு என்பது என் பிரச்சினையாகவே இருக்கவில்லை. சபையில் பத்து ரூபாய் போடுகிறவருக்கும் மாமா கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கவர் வந்ததா என்பதுதான் முக்கியம்.

அம்மாவின் பைபிளிலிருந்து, இன்னும் எதுவும் எழுதாத புதுக் கவர் ஒன்றை உருவினேன். அதில் அப்பாவின் பெயரைத் தமிழில் எழுதினேன். ஞாயிறு பள்ளியில் கற்ற தமிழ் என்பதால் என் எழுத்துகள் கன்னட எழுத்துப்போல உருண்டு உருண்டு இருக்கும். மாதம் எழுதினேன், தொகை எழுதினேன், பணத்தை உள்ளே போட்டு எச்சில் தொட்டு ஒட்டினேன். கதவிடுக்கில் வெளியே யாரோ செருகிவிட்டுப் போனதுபோலப் பாதியைச் செருகிவிட்டு, அம்மா படியேறும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

அம்மா கவரைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"இது யாரு வெச்சா?"

"அப்பா."

"எப்போ வந்தாரு?"

"மத்தியானம். நீங்க டியூட்டில இருக்கீங்கன்னு சொன்னேன். போயிட்டாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நின்றேன். மத்தியானம் நான் பள்ளியில் இருந்தேன். அப்பா மண்டி மொஹல்லாவில் வளர்ந்து கன்னடத்தில் படித்தவர், அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், தன் பெயரைக்கூடத் தமிழில் எழுத வராது. இது எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. அம்மா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாய் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. எங்கள் வீட்டில் தண்ணீரை வீணாக்கினால் அடி விழும். அன்று ஒரு வாளி நிரம்பி வழிந்து, இன்னொரு வாளி அளவும் போயிருக்கும்.

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். என் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து பேனாவை எடுத்தாள். கவரில் 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்துக்குப் பக்கத்தில், கோட்டின் மேல், தன் கையெழுத்தைப் போட்டாள். "சரி, வந்துருச்சு" என்றாள். அவ்வளவுதான். அன்று நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள், திரும்ப எவ்வளவு நேரம் ஆகுமோ என்று. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் வக்கீலின் அறை. என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்தே இருந்தது, மின்விசிறிக் காற்றில் அது ஆடும்போதெல்லாம் அம்மாவின் முதுகும் மாமாவின் வழுக்கையும் தெரிந்தன. வக்கீல் கன்னடக்காரர். டைப் அடித்த தாள்களை அம்மா பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடவேண்டிய இடங்களைப் பென்சிலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இடையில் ஏதாவது பணம் வந்ததா என்று, சும்மா கேட்டுவைக்கும் கேள்விபோலக் கேட்டார்.

 அம்மா கைப்பையைத் திறந்து கவரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"முந்நூத்தி நாப்பது ரூபா வந்திருக்கு சார்."

"இது என்னம்மா, தமாஷா?" என்றார் வக்கீல்.

மாமா கவரைக் கையில் எடுத்தார். அவருக்கு அந்தக் கவரைத் தெரியாதா என்ன? வருடாவருடம் அச்சகத்தில் நின்று அடித்து வாங்கி வருபவரே அவர்தான். அந்த உருண்டைத் தமிழையும் தெரியும், வசனப் போட்டித் தாள்களைத் திருத்துபவரும் அவர்தான். கதவின் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு ரூபாய் பாக்கிக்கு ஊரையே கூட்டும் மனிதர், கவரை அப்படியே அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இன்னைக்குக் கையெழுத்துப் போடல சார். நான் அப்புறம் சொல்றேன்" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். கவர் வேலை செய்துவிட்டது. யாரும் ஸ்கேலை எடுக்கவில்லை. உலகத்திலேயே புத்திசாலியான பிள்ளை நான்தான் என்று எனக்குத் தோன்றியது.

அந்தத் தாள்கள் என்னவென்று எனக்குத் தெரிந்தது இருபது வயதுக்கு மேல், அம்மாவின் பழைய பையிலிருந்த பைல் கட்டைப் புரட்டியபோது. பணம் கட்டாத அப்பாவுக்கு வாரண்ட் கேட்டு எழுதிய மனு அது. கட்டவேண்டும், இல்லையென்றால் ஜெயிலுக்குப் போகவேண்டும். பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் போட்டால்தான் அந்த மனுவுக்கு உயிர். அம்மா அதைப் போடவே இல்லை. பென்சில் குறிகள் மட்டும் கையெழுத்துக்குக் காத்திருந்தன. அப்பாவைக் காப்பாற்றத் தன் டப்பாவைக் கவிழ்த்த பிள்ளையிடம், அதே அப்பாவைப் போலீஸ் கூட்டிப்போன கதையை அவளால் என்றைக்குச் சொல்லமுடியும்? அதற்குப் பதிலாக அவள் வாரத்தில் மூன்று நாள் இரட்டை டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். என் சாயங்காலங்கள் இன்னும் நீண்டன. சமைத்து மூடிவைத்த சோற்றைத் தனியாகப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஓனர் ஆன்ட்டியிடம் சாப்பிடவில்லை என்று பொய் சொல்லும் நாட்கள் அதிகமாயின. இதையெல்லாம் நான் அந்தக் கவரோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்தப் பணம் யாருடையது என்பதும் எனக்குத் தெரியவில்லை. அது அப்பா அம்மாவுக்குக் கட்டும் சந்தா அல்ல, எனக்குச் சேரவேண்டியது, என் சோறும் செருப்பும் பள்ளிக் கட்டணமும். கட்டினாலும் கட்டாவிட்டாலும் அவர் என் அப்பாதான், எந்த ஸ்கேலும் அங்கே செல்லாது. கட்டியதால் என்னைப் பார்க்க வந்தவரும் அல்ல, கட்டாததால் அம்மா அவரைத் தடுக்கவும் இல்லை. அது வேறு, இது வேறு. நானோ என் பணத்தை எடுத்து எனக்கே ஜீவனாம்சம் கொடுத்துக்கொண்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை ஒன்பது வயதிலேயே முடித்துவிட்டவள் நான்.

மறுநாள் இரண்டாம் ஞாயிறு. புங்க மரத்தடியில் அப்பா நின்றிருந்தார். மொபெட்டில் போகும்போதே வாய் குறுகுறுத்தது, கடைக்குப் போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டேன். அவர் தில்பசந்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கம்பியை உருவத் தொடங்கியதும் சொன்னேன்.

"உங்க பேரு போகாதுப்பா. உங்க சந்தாவ நான் கட்டிட்டேன்."

"அப்புறம்?" என்றார், பழக்கத்தில். பிறகு கை நின்றது. "என்ன கட்டுன?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாம் தேதி கூவாத போன், மூன்று மாதம், பவுடர் டப்பா, கவர், கதவிடுக்கு, வக்கீல் ஆபீஸ் பெஞ்ச். ஒரு மாதத்துப் பேச்சிலேயே மிகப் பெரிய பேச்சு அதுதான், ஒன்றையும் விடவில்லை.

"அம்மா வாங்கிக்கிட்டாளா?" என்று கேட்டார்.

"கையெழுத்தே போட்டாங்க."

 அவர் என்னைப் பார்க்காமல், பாதி தூக்கிய ஷட்டருக்கு வெளியே தெருவில் போகும் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்துபோய் இன்னும் இரண்டு தில்பசந்த் வாங்கி, பேப்பரில் சுற்றி என் பையில் வைத்தார். அன்று மாலை வரை இருக்கவில்லை, மூன்று மணிக்கே கொண்டுவந்து விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக் கேட்டருகில் இறங்கியபோது என் தலையில் கை வைத்தார், கை வார்னிஷ் வாசனை அடித்தது. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகும் சபையின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு டியூட்டி. மாமா உள்ளே கவர்களுக்குக் கையெழுத்துப் போட்டு முடித்து, பெட்டியைப் பூட்டிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புங்க மரத்தடியில் யாருமில்லை. பசிக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். அதற்கு அடுத்த மாதமும் அப்படித்தான். அப்பாவின் கடை ஷட்டர் முழுசாக இறங்கியிருப்பதாகவும், அவர் ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகவும் பிறகு யாரோ சொன்னார்கள்.

பணம் கட்டாமல் மூன்று மாதம் என் முகத்தைப் பார்க்கமுடிந்த மனிதரால், என் முந்நூற்று நாற்பது ரூபாயைக் கேட்ட பிறகு பார்க்கமுடியவில்லை. நான் அதைச் சொல்லாமல் தில்பசந்தைத் தின்றுவிட்டு வந்திருந்தால், ஒருவேளை அவர் இன்னும் சில ஞாயிறுகள் வந்திருப்பார். இது இன்றும் எனக்கு வலிக்கிறது. அன்று வலிக்கவில்லை, ஏனென்றால் அன்று எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. மாமா சொன்னது மூன்று மாதம். நான் கட்டியதோ ஒரு மாதம்தான். மீதி இரண்டு மாதத்துக்கு வசனப் போட்டியில் எத்தனை முறை ஜெயிக்கவேண்டும் என்று கணக்குப் போட்டேன், வழக்கம்போலச் சத்தமாக. பிறகு பவுடர் டப்பாவைத் துடைத்து, முதல் நாணயத்தைப் போட்டு மூடினேன்.